நாய்க்குட்டிக்குப் பூ கேட்ட கதை

அன்று பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வரும். அதை நான்தான் தேர்ந்தெடுப்பேன்.

இருபத்துமூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் தனியாக எடுத்த முடிவு என்று எதுவும் கிடையாது. வீட்டுச் சுவரின் நிறம், மகள் ரித்திகாவின் படிப்பு, என் மீசையின் அளவு எல்லாமே என் மனைவி கீதா தீர்மானித்ததுதான். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒன்பது பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு நான் முதலாளி. வீட்டில் அந்த ஒன்பது பேருக்கு உள்ள உரிமைகூட எனக்கு இல்லை. அவர்களுக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு. ரித்திகா சென்னைக்குப் படிக்கப் போன பிறகு வீடும் வெறிச்சென்று இருந்தது. ஆகவே நாய்.

"கீதா, லேப்ரடார் குட்டி வாங்கப்போறேன். இது என்ர முடிவு."

சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"செரிங்க," என்றாள்.

"செரின்னா?"

"வாங்கலாமுங்க. நீங்களே முடிவு பண்ணுங்க."

"எதுத்த ஊட்டு மாசாணியம்மாள் படிக்கட்டுக்கு அடில தெருநாய் குட்டி போட்டிருக்குதே, அது மட்டும் வேண்டாம். இப்பவே சொல்லிப்போட்டேன்."

"நான் அதைப் பத்திப் பேசவே இல்லீங்களே."

உண்மைதான். அவள் பேசவில்லை. அந்தத் தாய்நாய்க்குத் தினமும் பால்சோறு வைத்துவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் லேப்ரடார் குட்டிகள் இருப்பதாக போனில் விளம்பரம் பார்த்துப் போனோம். ஐந்து குட்டிகள். ஐந்தும் ஒரே அச்சு. ஒன்றைத் தூக்கிப் பார்த்துக் கீழே விட்டேன். இன்னொன்றைத் தூக்கினேன். அதுவும் முதலில் தூக்கியதேதானோ என்று சந்தேகமாக இருந்தது.

"தாய் எங்கீங்க?" என்று கீதா விற்கிறவரைக் கேட்டாள்.

"தாய் வெளியூர்ல இருக்குதுங்க. வேணும்னா வீடியோ கால்ல காட்டறேன்."

"குட்டிக்கு எத்தனை நாளுங்க?"

"நாப்பது நாளுங்க."

"நாப்பது நாள் குட்டியை உட்டுப்போட்டுத் தாய் வெளியூர் போயிருச்சுங்களா? அங்க என்ன, கண்ணாலமுங்களா?"

அவர் போனை எடுத்து யாரிடமோ பேசியபடி பால்கனிக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் கீதா சொன்னாள்: "நல்ல குட்டிகதானுங்க. உங்க இஷ்டம்."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வீம்புக்காவது வாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் சத்தியமங்கலம் போனோம். மச்சான் தம்பிதுரை தன் தோட்டத்து வேட்டைநாய்க் குட்டி ஒன்றைச் சும்மாவே தருவதாகச் சொல்லியிருந்தான். குட்டியின் தகப்பன் ஆள் உயர வேலியைத் தாண்டி வந்து என் காரை மோந்து பார்த்தது. நான் காருக்குள் இருந்தபடியே மச்சானிடம் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினேன். "வீரமான சாதிங்க, உங்க இஷ்டம்," என்றாள் கீதா.

பட்டறையில் கேட்டேன். ஒருவன் ஆண் குட்டிதான் வேண்டும் என்றான். இன்னொருவன் பெண் குட்டிதான் வீட்டைக் காக்கும் என்றான். டிரில்லிங் மெஷின் யூசுப் பூனை வளர்க்கச் சொன்னார். நாலு நாள் தூக்கம் இல்லை. லேத்தில் உள்துளை கடைய வேண்டிய பம்பைக் கடையாமலே பெயின்ட் அடித்து அனுப்பிவிட்டேன்.

"ஏனுங்க, இத்தனை கொழப்பம் எதுக்குங்க? அம்மன் கோயில்ல பூ கேட்டுப்போடலாம்," என்றாள் கீதா.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும் சம்பந்தம் பேசுவதானாலும் சாமியிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் கட்டிச் சாமி காலடியில் வைத்தால் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

கீதா ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் பறித்துக் கொடுத்து, "பொட்டலத்தை நீங்களே கட்டுங்க," என்றாள். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. செடியிலிருந்து இன்னொரு நந்தியாவட்டையைப் பறித்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைக் கட்டினேன். செவ்வரளியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தப்புதான். ஆனால் அம்மன் மன்னித்துவிடுவாள் என்ற தைரியம் இருந்தது.

கோயிலில் பூசாரி பொட்டலங்களை வைத்துவிட்டு, "மனசுல நெனைச்சுக்குங்க," என்றார். லேப்ரடார் வாங்கலாமா தாயே என்று நான் கண்ணை மூடினேன்.

"நாங்க மனசுல நெனைச்சா சாமிக்கும் கொழப்பமாயிருமுங்க. நான் வாய் உட்டே கேட்டுப்போடறேன்," என்று கீதாவின் குரல் கேட்டது. "ஆத்தா, மாசாணியக்கா ஊட்டுப் படிக்கட்டுக்கு அடில இருக்கற குட்டியை நாங்க எடுத்துக்கலாமா? உத்தரவு குடு."

கண்ணைத் திறந்தேன். பூசாரி பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். வெள்ளை.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? இது செல்லாது என்றால் அடுத்த பொட்டலத்தையும் பிரிப்பார்கள். அதிலும் வெள்ளை. அம்மனை ஏமாற்றப் பார்த்தவன் என்று ஊரே பேசும். விபூதியைப் பூசிக்கொண்டு வாயை மூடினேன்.

மத்தியானமே குட்டி வந்துவிட்டது. அதற்கு இரண்டு மாத வயது முடிந்திருந்தது. ஒரு காது நிமிர்ந்திருந்தது, ஒரு காது மடங்கியிருந்தது. கூடவே தாயும் வாசல் வரை வந்து வீட்டை நோட்டம் விட்டுப் போனது. குட்டி நேராக என் காலடிக்கு வந்து ஈரம் செய்துவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கியது. எனக்குப் பிடித்துவிட்டது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இருந்தாலும் ரோஷம் விடுமா?

"கீதா, கடைசில உன்ர முடிவுதான் நடந்திருக்குது."

"அப்படிச் சொல்லாதீங்க. மொதல்ல அந்தப் பூவைக் குடுங்க."

"எந்தப் பூ?"

"காலைல இருந்து வெள்ளைச் சட்டைப் பைக்குள்ள செவப்பாத் தெரியுதே, அதுதானுங்க."

தொட்டுப் பார்த்தேன். அரளி வாடியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிச் சாமி படத்துக்கு வைத்தாள்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையைக் கட்டுனது நீங்கதானுங்க," என்றாள். "இந்த ஊட்டுல நீங்க தனியா எடுத்த மொத முடிவு. நல்ல முடிவுங்க."