கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வழக்கமாக இந்த இடத்தில், இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போவேன். இந்தத் தடவை அதை எழுதலாமா கூடாதா என்று எனக்கே தெரியவில்லை. படித்துப் பார்த்துத் தாங்களே சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருகிறாள். கேட்டால், நர்ஸுகளுக்கு ஏதோ வகுப்பு எடுத்தார்களாம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் என்றைக்கோ ஒரு நாள் இல்லை, பல் தேய்க்கிற மாதிரி தினமும் என்று சொல்லி அனுப்பினார்களாம். மச்சான், ஒரு நாள் கதவைச் சாத்தினால் கோபம் என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது பழக்கம்தான். தினமும் சாத்தினால் அதற்கு என்ன பெயர்?

முதல் நாள் தலைவலி என்று நினைத்து மாத்திரையோடு போய்த் தட்டினேன். "தலைவலி இல்லைங்க" என்றாள். சரி, வயிற்றுவலியாக இருக்கும் என்று வெந்நீர் வைத்துக்கொண்டு போய்த் தட்டினேன். அதுவும் இல்லையாம். எதுவுமே இல்லாவிட்டால் எதற்குக் கதவு என்று கேட்பதற்காக மறுபடி தட்டினேன். "நீங்க தட்டாம இருந்தா அதுவே பெரிய உதவி" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். குழம்பிப்போய் மாடிவீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் தலையை ஆட்டிவிட்டு, "எங்க வீட்லயும் இப்படித்தான் சார் ஆரம்பிச்சது. முதல்ல ரூம் கதவு, அப்புறம் வாசக் கதவு" என்றார். அவர் இப்போது தனியாக இருக்கிறார், தானே சமைத்துச் சாப்பிடுகிறார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு இந்த வயதில் அவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான் ஃபாக்டரியில் பாய்லரைக் கட்டி மேய்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். உள்ளே என்ன கோளாறு என்று தெரியாவிட்டால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தின்மேல் வைத்து, பிடியைக் காதோடு வைத்துக் கேட்போம். எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே கரகரவென்று சத்தம் வரும். அதே முறையில் படுக்கையறைக் கதவில் வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அழுகிறாளா, போன் பேசுகிறாளா, பெட்டி கட்டுகிறாளா, ஒன்றும் பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்கலாம் என்று சாய்ந்தபோது அவள் கதவைத் திறந்துவிட்டாள். நான் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உள்ளே போய் விழுந்தேன். "கீல் லூசா இருக்கான்னு பார்த்தேன்" என்றேன். "கீல் நல்லாத்தான் இருக்கு, எந்திரிங்க" என்றாள்.

மறுநாள் வெளிப்பக்கம் போய் ஸ்டூலைப் போட்டு ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரில் ஒரு காலண்டர்கூடக் கிடையாது. ஏஜென்ட் வந்து, "என்ன சார் பண்றாங்க?" என்றார். "ஒண்ணும் பண்ணலை" என்றேன். "ஒண்ணுமே பண்ணலையா?" என்றவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நம்பிக்கை வராமல் அவரும் அதே ஸ்டூலில் ஏறினார். பார்சல் கொண்டுவந்த கூரியர்காரர் யாரோ திருடர்கள் என்று ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, தானும் எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே சார் இருக்காங்க" என்றார். அப்போதுதான் ஸ்டூலின் கால் முறிந்தது. மண்ணைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தால் ஜன்னலில் உங்கள் தங்கை. கம்பி வழியாகவே கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு ஜன்னலையும் சாத்திவிட்டாள்.

அவள் வெளியே வந்ததும் கேட்டே விட்டேன். "என்னை விட்டுட்டுப் போகப் போறியா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "போன மாசம் வார்டுல ஒரு பெரியவர் தண்ணி கேட்டார். நான் கத்திட்டேங்க. தண்ணிதான் கேட்டார், பாவம். அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன்" என்றாள். எனக்கு இது தெரியாது, மச்சான். ஒரே வீட்டில் இருக்கிறேன், தெரியாது. "இங்கயும் கத்திடக் கூடாதுன்னுதான் கதவைச் சாத்திக்கிறேன். உங்க பாய்லரை வருஷா வருஷம் நிறுத்தி, ஆறவெச்சு, உள்ள இறங்கித் துடைச்சுட்டுத்தானே மறுபடி பத்தவெப்பீங்க? நிறுத்தாம ஓட்டுன்னு சொன்ன மேனேஜர்கூடச் சண்டை போட்டவர்தானே நீங்க? நான் எப்பங்க நின்னேன்?"

பாய்லரைப் பொறுத்தவரை அவள் சொன்னது முழுக்கச் சரி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தண்ணீர் வேண்டும் என்றுதான் வாயில் வந்தது. அதை அவளிடம் கேட்காமல் நானே போய் எடுத்துக் குடித்தேன்.

அதோடு விட்டாளா? "நீங்களும் தினம் அரை மணி நேரம் உங்களுக்குன்னு எடுத்துக்கோங்க" என்றாள். ரிட்டயர் ஆனவனுக்கு நாள் முழுவதும் சொந்த நேரம்தானே, அதில் எதை யாரிடமிருந்து எடுப்பது? இருந்தாலும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே சுவரைப் பார்த்தேன். மூலையில் ஒட்டடை தெரிந்தது. துடைப்பம் கொண்டுவந்து அடித்தால் சுண்ணாம்பு உதிர்ந்தது. சுண்ணாம்பைச் சுரண்டினால் உள்ளே ஈரம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய்க் குழாயைக் கழற்றினேன். மாடியிலிருந்து ஏஜென்ட் தலை நிறையச் சோப்போடு இறங்கி வந்தார். சும்மா இருப்பதில் இவ்வளவு வேலை இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகையால் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் அவளுக்கு நல்ல புத்தி சொல்ல வேண்டும். ஒருவேளை அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டால் எனக்குச் சொல்லுங்கள். இரண்டு பேரில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போனாலும் போதும், குழப்பம் தீரும்.

தங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், படித்து முன்னுக்கு வந்து, உங்கள் பேரைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருக்கும் தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இதை ஒரே மூச்சில் எழுதவில்லை. அவள் அறையை விட்டு வந்ததும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். சாயங்காலம் எப்போது வரும், எப்போது வரும் என்று இருந்தது. கடிதம் நேற்றே முடிந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒட்டடை அப்படியே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். இப்போதுதான் வெளியே நின்று, "என்னங்க, இன்னும் முடியலையா?" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று, மச்சான். எனவே தாங்கள் புறப்பட்டு வர வேண்டாம். வந்தால் தங்களைப் படுக்கவைக்க இந்த அறையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் கதவு உள்ள அறை இது ஒன்றுதான்.