தாழ்மை கிராணியும் வராத டிராமும்

கோலாலம்பூருக்கு டிராம் வண்டி ஏன் வரவில்லை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். செலவு தாங்காது என்பார் ஒருவர். ரப்பர் விலை விழுந்துவிட்டது என்பார் இன்னொருவர். மோட்டார் பஸ் வந்து கெடுத்தது என்பவர்களும் உண்டு. எல்லாம் சுத்தப் புளுகு. அது வராமல் போனதற்கும், வரப்போகிறது என்று ஊரே ஒன்றரை வருஷம் அடித்துக்கொண்டதற்கும் ஒரே ஒரு மனிதர்தான் காரணம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக்கடையின் அஞ்சடியில், அதாவது கடை முகப்பில் கூரை போட்ட நடைபாதையில், மேஜை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த தாழ்மை கிராணிதான் அவர். நகர நிர்வாக ஆபீஸில் கிளார்க்காக இருந்த என் கையில்தான் டிராம் ஃபைல் இருந்தது, அதனால் எனக்குத் தெரியும்.

எங்கோ ஒரு தோட்டத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. தாழ்மை அவரிடம் மருந்துக்கும் கிடையாது. 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால்' என்று எழுதி எழுதி, வாயும் அப்படியே பழகிவிட்டது. கோப்பிக்கடைக்குப் போனால், "கனம் ஐயா அவர்கள் சமூகத்துக்குத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது. ஒரு கோப்பி. சீனி கம்மி. இது விஷயமாக நேற்றும் முறையிட்டும் கவனிக்கப்படவில்லை" என்பார். கடைக்காரன் சீனியைக் கூடவே போட்டுக் கொடுப்பான்.

ஒரு தடவை பக்கத்து வீட்டு அம்மாளின் கோழி அவர் அறைக்குள் புகுந்து பாயைக் கிழித்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இவரா சொல்வார்? மூன்று பாராவில் ஒரு மனு எழுதி அவள் கதவில் செருகிவிட்டு வந்தார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு நேரே இவரிடமே வந்தாள்.

"கிராணி ஐயா, எவனோ என்னத் திட்டி எழுதிப் போட்டிருக்கான். கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

படித்துச் சொன்னார். அவள் கொதித்துப் போனாள். அவள் சார்பாகத் தமக்கே காரசாரமாக ஒரு பதிலும் எழுதிக் கொடுத்தார். அந்தப் பதில் தம் மனதை மிகவும் புண்படுத்திவிட்டதாக இரண்டு நாள் எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் டிராம் பேச்சு கிளம்பியது. சடக்கின், அதாவது ரோட்டின், நடுவே தண்டவாளம் போட்டு, டவுனிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வண்டி விடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மாட்டு வண்டிக்காரர்களுக்குத் தலைவரான முத்தையா அன்று சாயங்காலமே மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, டிராம் வந்தா எங்க பொழப்பு போச்சு. நல்லா ஒறைக்கிற மாதிரி ஒரு மனு எழுதுங்க."

கிராணி உறைக்கத்தான் எழுதினார். டிராம் மணி அடித்தால் காளை மிரளும், மிரண்ட காளை நேரே துரைமார் வீட்டு ரோஜாத் தோட்டத்தில் போய் நிற்கும், பிறகு தங்களைக் குற்றம் சொல்லக்கூடாது என்று இங்கிலீஷில் அறுபது கைநாட்டோடு ஆபீஸுக்கு வந்தது அந்த மனு.

நாலாம் நாள் துணிக்கடை ராவுத்தர் வந்தார். டிராம் வந்தால் டவுன் ஜனம் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து துணி எடுக்கும் என்பது அவர் கணக்கு. "டிராம் கட்டாயம் வேணும்னு எழுதுங்க கிராணி" என்றார். அதற்கும் உட்கார்ந்து எழுதினார். காளைகள் போகிற சடக்கில் துரைசானிமார் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை என்று அதில் ஒரு பாரா. ராவுத்தருக்கு அந்தப் பாரா மிகவும் பிடித்துப்போய், தமிழில் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பித்தார்.

அது முத்தையா காதுக்குப் போகாமல் இருக்குமா? மறுநாளே ஓடி வந்தார்.

"நம்ம மாட்டப் பத்திக் கேவலமா எழுதியிருக்கான் ஐயா. எவன் கைன்னு மட்டும் தெரியட்டும்."

கிராணி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "எழுதினவன் லேசுப்பட்டவன் இல்ல முத்தையா. ஆனா அந்தப் பாவாடை பாராவுல மாட்டிக்கிட்டான். தண்டவாளம் போட ஆறு மாசம் சடக்க வெட்டிப் போடுவாங்களே, அப்ப துரைசானி எங்க நடப்பாங்க? இதத்தான் நாம கேக்கணும்" என்றார். முத்தையாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இப்படியே ராவுத்தருக்கு ஒரு பதில், முத்தையாவுக்கு ஒரு பதில் என்று போனது. ஒரு தரப்பு இன்னொரு தரப்பைச் சந்திக்காதபடி கிழமை வேறு பிரித்து வைத்திருந்தார். செவ்வாயும் சனியும் வண்டிக்காரர்கள். புதனும் ஞாயிறும் கடைக்காரர்கள். ஆபீஸில் ஃபைல் தலையணை அளவுக்குப் பருத்தது. பிரிக்பீல்ட்ஸ் ஜனங்களுக்குப் பொதுக்காரியத்தில் எவ்வளவு அக்கறை என்று எங்கள் துரை வாய்விட்டு மெச்சினார். எனக்கோ இரண்டாவது மாதமே சந்தேகம் தட்டிவிட்டது. இரண்டு தரப்புக்கும் ஒரே ஊதா மை, ஒரே கையெழுத்து, 'y' என்ற எழுத்துக்கு அடுத்த வரி வரைக்கும் இறங்குகிற ஒரே வால். அதைவிட வேடிக்கை, இரண்டு தரப்பின் கடைசிப் பாராவும் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தது. 'அவசரப்பட்டு முடிவெடுக்காமல் இன்னும் ஒரு முறை தீர விசாரிக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறோம்.' எங்கள் துரை நியாயஸ்தர். இரண்டு கட்சியும் ஒரே குரலில் கேட்கும்போது மறுப்பானேன் என்று ஒவ்வொரு தடவையும் விசாரணையைத் தள்ளிப் போட்டார்.

ஒருநாள் குட்டு உடைந்தது. முத்தையாவின் காளைக்குச் செவ்வாய்க்கிழமை உடம்பு சரியில்லை. அவர் புதனன்று வந்துவிட்டார். அங்கே ராவுத்தர் உட்கார்ந்து அடுத்த மனுவுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கிராணியின் மேஜை அடுப்புக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, ஆபீஸ் விட்டு அந்த வழியாக வந்த நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். முத்தையா அந்தத் தாளைக் கையில் வாங்கினார். படிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியும்.

"என்ன கிராணி, இவருக்கு ஏழு பாரா. எனக்கு எப்பவும் அஞ்சுதானே எழுதுறீங்க?"

"நான் ஏழு கேட்டு வாங்கினேன் அண்ணே. நீங்களும் கேக்க வேண்டியதுதானே" என்றார் ராவுத்தர்.

அவ்வளவுதான் சண்டை. அதற்குப் பிறகு கிழமைக் கணக்கெல்லாம் போயிற்று. தினம் சாயங்காலம் இரண்டு கட்சியும் ஒன்றாக வந்து உட்கார்ந்து, கிராணியை நடுவில் வைத்துக்கொண்டு, டிராம் வேணும் வேணாம் என்று தொண்டை வற்றப் பேசினார்கள். மேஜைக்கு முன்னால் அதுவரை ஒரே ஒரு முக்காலி கிடந்தது. கிராணி இன்னொன்று கொண்டுவந்து போட்டார். அது போதாமல் தச்சனைப் பிடித்து ஒரு நீள பெஞ்சே செய்து போட்டார். நானும் அந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார ஆரம்பித்தேன். நான் தங்கியிருந்த மெஸ்ஸில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேருக்கும் ஏழு விதமான வேலை நேரம். ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பது சம்பளத்தன்று மட்டும்தான். அந்த பெஞ்சை விட்டால் எனக்கும் போக்கிடம் கிடையாது.

ஆனாலும் உத்தியோகத் திமிர் சும்மா இருக்க விடுமா? ஒருநாள் எல்லோரும் எழுந்துபோன பிறகு கேட்டுவிட்டேன்.

"ஐயா, ரெண்டு பக்கமும் நீங்க எழுதுறது இருக்கட்டும். ரெண்டுலயும் விசாரணைய நீட்டச் சொல்றீங்களே, அது எதுக்கு? யாராவது உங்களக் கேட்டாங்களா?"

அவர் மைக்கூட்டை மூடினார். 'தாழ்மையுடன்' என்று ஆரம்பிக்காமல் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"தம்பி, என்கிட்ட ஒருத்தன் ஒரு தடவதான் வருவான். கேட்டது கெடச்சா என் ஞாபகம் வராது. கெடைக்கலேன்னா எம்மேல கோவம். இத்தன வருசத்துல ரெண்டாவது தடவ வந்து ஒக்காந்தவங்க இவங்கதான். டிராம் வரும்னு சொன்னாலும் எந்திரிச்சுப் போயிடுவாங்க. வராதுன்னு சொன்னாலும் போயிடுவாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மறுநாள் மேஜை மேல் வந்த மனுவில் அதே கடைசிப் பாராவைப் பார்த்தபோது ஏனோ நிம்மதியாக இருந்தது.

துரைக்கும் பொறுமை என்று ஒன்று இருக்கிறதே. ஒரு திங்கட்கிழமை, டிராம் யோசனை கைவிடப்பட்டது என்று ஒரே வரியில் உத்தரவு எழுதி, நோட்டீஸ் டைப் அடிக்கும்படி என்னிடம் அனுப்பினார். நான் அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். ஒன்பது நாள் மூடியே வைத்திருந்தேன். தினம் சாயங்காலம் பெஞ்சில் போய் உட்கார்ந்து, துரை இன்னும் யோசிக்கிறார் என்று கூசாமல் சொன்னேன். பத்தாம் நாள் தலைமைக் குமாஸ்தா கண்டுபிடித்து, என் மூன்று தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினார். அவர் பக்கத்தில் நின்றபடி பார்க்க, நோட்டீஸை அடித்து முடித்தேன்.

வண்டிக்காரர்கள் காளைகளுக்கு மாலை போட்டு ஊர்வலம் போனார்கள். மோட்டார் பஸ் வரப்போகுதாமே, அது போதும் என்று ராவுத்தர் கடையைப் பார்க்கப் போய்விட்டார். கிராணி சொன்னபடியே நடந்தது. ஒரு வாரத்தில் பெஞ்சில் ஈ காக்கை இல்லை. நான் மட்டும் என்ன யோக்கியன்? அந்த நோட்டீஸை அடித்த கையோடு அவர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு, எதிர்ப்புறமாகவே நடந்து மெஸ்ஸுக்குப் போனேன். அவர் காலியான பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து சடக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தாலும் கூப்பிட மாட்டார். மூன்று வாரம் அப்படி நடந்தேன். நினைத்தால் இப்போதும் எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது.

கடைசியில் ஒருநாள் சடக்கைத் தாண்டினேன். "ஐயா, எங்க மெஸ்ஸு சந்துல வெளக்கு இல்ல. ஒரு மனு எழுதணும்" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் எழுதினார். அது மறுநாள் ஆபீஸுக்கு வந்து, என் மனுவுக்கு நானே எண் போட்டேன். அதற்கும் மறுநாள் இன்னொரு மனு. விளக்கு வைத்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் தூக்கம் கெடும், ஆகையால் அந்தச் சந்தில் விளக்கே கூடாது என்று அதே ஊதா மையில். வந்ததே கோபம். சாயங்காலம் நேரே போய்ச் சண்டை பிடித்தேன்.

"நீங்க எழுதின மனுவ நீங்களே கெடுக்கிறீங்களே ஐயா?"

"எதுத்துப் பேச ஆளில்லாத மனுவத் தொரை படிக்கவே மாட்டாரு தம்பி. ஒக்காருங்க, பதில் எழுதுவோம்."

உட்கார்ந்தேன். நாலு வருஷம் உட்கார்ந்தேன். விளக்கு, சாக்கடை, சந்து முனையில் தாழ்ந்து தொங்கிய மாமரக் கிளை என்று நாங்கள் இரண்டு பேரும் எழுதாத மனு இல்லை. மூன்று தரம் மட்டும் எதையோ சாதித்துவிட்டோம். அந்த மூன்று தரமும் வேறு குறை தேட வேண்டியதாயிற்று.

அப்புறம் எனக்குக் கிள்ளானுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சொன்னபோது, "நல்ல ஊரு, காத்து நல்லா வரும்" என்றார். ஆபீஸில் என் கடைசி நாளன்று, காலைத் தபாலில் ஊதா மையில் ஒரு மனு வந்தது. கனம் ஐயா கிடையாது, தாழ்மை கிடையாது, பாரா பிரிக்கக்கூட இல்லை. 'இந்த கிளார்க் தினம் சாயங்காலம் வருகிறவர். இவரைக் கிள்ளானுக்கு அனுப்ப வேண்டாம்.' அறுபது கைநாட்டு இருக்கிற இடத்தில் ஒரே ஒரு கையெழுத்து. அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பெயர் ஒன்று உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

முறைப்படி நான் அதைத் துரைக்கு அனுப்ப வேண்டும். துரை ஓரத்தில் 'இயலாது' என்று எழுதுவார். அதை நானே டைப் அடித்து கிராணிக்கு அனுப்ப வேண்டும். மனுவுக்கு எண் போட்டேன். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிள்ளான் ரயிலில் ஏறினேன்.

மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து வந்து அந்த பெஞ்சில் உட்காருவேன். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, நான் கிளம்பும்போது மட்டும் கேட்பார்.

"தம்பி, நான் ஒரு மனு போட்டேனே, அது என்னாச்சு?"

"இன்னும் முடிவாகல ஐயா."

"அப்ப சரி" என்பார்.

அவர் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. அந்த மனு கிள்ளானில் என் பெட்டியில்தான் இருக்கிறது. அதன் ஓரத்தில் 'இயலாது' என்று எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை.