சொல்லாமல் பிடுங்கிய பென் டிரைவ்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், வீடு மாறும்வரை இருக்கட்டும் என்று நீங்கள் விட்டுவிட்டுப் போன, தானாக மரம் செதுக்கும் சி.என்.சி. இயந்திரமும் நலம். கடைசியாகச் சொன்ன இருவரில் என்னோடு ஒத்துழைப்பது இன்று மத்தியானத்திலிருந்து இயந்திரம் மட்டும்தான். நீங்களும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள், புது வீட்டுக்குச் சாமான் கட்டும் வேலையில் முதுகு ஒடிந்திருக்கும் என்று நம்புகிறேன். கையெழுத்து கோணிக்கொண்டு போவதற்கு மன்னிக்கவும். மடியில் சூட்கேசை வைத்து எழுதுகிறேன். மேஜைக்கு என்ன ஆயிற்று என்று பின்னால் வரும்.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோகும்போது வாசலில் மாட்ட, உங்கள் இருவர் பெயரும் பொறித்த மரப்பலகை ஒன்றை என் கையாலேயே, அதாவது உங்கள் இயந்திரத்தின் கையால், செய்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். பத்து நாளாக ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. போனில் சொன்னால் பதிவு இருக்காது என்பதால், நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நான் முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவன். எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பலகையின் டிசைனை வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைக்காரம்மா போட்டுக் கொடுத்தார்கள். அதை நான் புதிதாக வாங்கிய அறுபத்து நாலு ஜிபி பென் டிரைவில் ஏற்றி, உங்கள் கன்ட்ரோலரில், அதாவது அந்தச் செங்கல் அளவு கைப்பெட்டியில், செருகினேன். 'டிஸ்க் இல்லை' என்றது. கண்ணெதிரே செருகியிருக்கிறேன், இல்லை என்கிறது. எடுத்துத் துடைத்து, ஊதி, திருப்பிச் செருகி, பக்கத்திலேயே நின்று பார்த்தேன், அப்போதும் இல்லை என்றது. உங்களுக்குப் போன் செய்தேன். "பெருசெல்லாம் அதுக்கு ஆகாது மாமா. சின்னதா, பழசா ஒண்ணு பாருங்க. ஃபேட் முப்பத்திரண்டுனு ஃபார்மட் போட்டுக்குங்க" என்றீர்கள். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்கு அந்தப் பெட்டியின் மேல் மரியாதை வந்தது. எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் ஒன்பதாவது ஆளை, அவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், இறக்கிவிட்ட பிறகே கதவைச் சாத்தியவன் நான். அளவுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று சொல்ல ஒரு பெட்டிக்காவது இன்று தைரியம் இருக்கிறது.

சின்னதாக, பழசாக வீட்டில் இருந்தது உங்கள் அத்தையின் எட்டு ஜிபி. அதில் அவளுடைய நடைப்பயிற்சிக் கூட்டாளிகளின் பத்து வருடப் படங்கள். "எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டு அப்புறம் அழிங்க" என்று நான்கு முறை சொல்லிக் கொடுத்தாள். நானும் அப்படியே எல்லாவற்றையும் அறுபத்து நாலுக்கு மாற்றினேன், மாற்றி முடிந்ததும் உருவினேன், எட்டு ஜிபியை அழித்தேன், ஃபார்மட் போட்டேன். மறுநாள் அறுபத்து நாலைத் திறந்து பார்த்தால் பத்து வருடத்தில் இரண்டரை வருடம்தான் இருக்கிறது, மூன்றாவது வருடத்தில் பாதிப் பேருக்குத் தலை இல்லை. மறுபடி உங்களுக்குப் போன். "உருவுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிட்டு உருவணும் மாமா. அது உள்ள இன்னும் எழுதிக்கிட்டு இருக்கும்" என்றீர்கள். நீங்கள் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அந்தச் 'சொல்லிட்டு' என்ற வார்த்தை கம்ப்யூட்டருக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் அத்தை அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். மூன்றாம் நாள் கதவோரம் வந்து நின்று, சுவரிடம் சொல்வதுபோல், "ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் சோதிச்சீங்க. இப்ப ஒரு டப்பா உங்களைச் சோதிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த எட்டு ஜிபியைப் பெட்டி ஏற்றுக்கொண்டது, ஆனால் உள்ளே எதுவும் இல்லை என்றது. நான் அழகாக 'மாப்பிள்ளை வீடு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் இன்னொரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஃபைலை வைத்திருந்தேன். ஃபோல்டரெல்லாம் அதற்குப் பிடிக்காதாம், வாசலிலேயே வைக்க வேண்டுமாம். வாசலில் வைத்தேன். ஃபைல் தெரிந்தது. முதல் பலகையை மாட்டி, மோட்டாரை ஓடவிட்டு, தூசி உறிஞ்சும் மெஷினைப் போட்டேன். 'டிஸ்க் இல்லை' என்று மறுபடி ஆரம்பித்துவிட்டது. மரத்தைச் செதுக்கும் பிட் போன இடத்திலேயே நின்று சுற்றிச் சுற்றிப் பலகையைப் புகைய வைத்தது. அவசரத்தில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி இரும்புச் சட்டத்தைத் தொட்டேன், சுரீர் என்றது. அங்கேதான் மாப்பிள்ளை, எனக்கு விஷயம் புரிந்தது. நீங்கள் சட்டத்துக்கு எர்த் கம்பி கொடுக்கவில்லை. குழாயில் தூசி ஓட ஓட மின்சாரம் சேருகிறது, அது பாயும்போது பெட்டிக்கு மண்டை குழம்பி, செருகியிருப்பதையே மறந்துவிடுகிறது. கம்பி ஒன்று எடுத்து எர்த் கொடுத்தேன். நீங்கள் டிரைவ் செருக இரண்டு மீட்டர் நீளத்துக்கு மாட்டி வைத்திருந்த நீட்டிப்பு ஒயரையும் கழற்றிவிட்டு டிரைவை நேராகப் பெட்டியிலேயே செருகினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட 'இல்லை' என்று சொல்லவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பதிவு செய்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாவது பலகை அருமையாக ஆரம்பித்தது. அருமையைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று குனிந்தேன். என் இடுப்பு பென் டிரைவில் பட்டு அது இரண்டாக ஒடிந்தது. கொண்டவளின் டிரைவ் போயிற்று, இரண்டாவது பலகையும் போயிற்று. கடையில் சின்ன டிரைவ் கேட்டால், அதெல்லாம் இப்போது யார் சார் செய்கிறார்கள் என்கிறான். இயந்திரத்துக்குக் கீழே நீங்கள் பிட் போட்டு வைத்திருக்கும் இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு தீப்பெட்டிக்குள் உங்கள் பழைய நாலு ஜிபி இருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. இன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஃபைலை அதில் ஏற்றினேன், ஏறியது என்றதும் உருவினேன். வெளியே போகட்டுமா என்று ஒரு கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்டு நிற்கிற வயது எனக்கு இல்லை. பெட்டியில் செருகியதுமே எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு ஃபைல் காட்டியது, ஏதோ எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர். இந்த இயந்திரங்கள் எல்லாப் பெயரையும் இப்படித்தான் சுருக்கும் போலிருக்கிறது. பலகைதான் இல்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் எனக்கென்று வாங்கிய எழுத்து மேஜையின் மேற்பலகையைக் கழற்றி மாட்டினேன். நல்ல மரம், முடிச்சே கிடையாது. உங்களுக்குப் போகிற பலகை அதைவிடக் குறைந்ததாக இருக்கக் கூடாது என்று தோன்றியது, கழற்றிவிட்டேன்.

இதை எழுதும்போது இயந்திரம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தூசி உறிஞ்சும் மெஷினை இந்த முறை போடவில்லை, அதனால் எழுத்தெல்லாம் மரத்தூளுக்கு அடியில் இருக்கிறது, ஓடும்போது கை வைக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதை மதித்து வைக்கவில்லை. ஓரத்தில் கொடிபோல ஒரு வேலைப்பாடு தெரிகிறது. கடைக்காரம்மா காட்டிய டிசைனில் கொடி இருந்ததாக ஞாபகம் இல்லை, பிரியப்பட்டுச் சேர்த்திருப்பார்கள். ஒன்றரை மணி நேரம் என்று சொன்னார்கள், இப்போது மூன்றாவது மணி நேரம் ஓடுகிறது. நல்ல வேலைக்கு நேரம் ஆகத்தான் செய்யும்.

இன்னொரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் காலை ஆறரை மணிக்கு உங்கள் வாடகை வீட்டுக்கு நான் சொல்லாமல் வந்ததும், நீங்கள் வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்ததும், நான் நேராக பால்கனிக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்ததும், அது என் கையோடு வந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. சுவிட்சுப் பெட்டியைச் சோதிக்கிறேன் என்று ஃபிரிட்ஜுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, திரும்பப் போட மறந்து, நான்கு நாள் சாமான் வீணானதும் எனக்கு மறக்கவில்லை. அதற்கு மறுவாரம் பாப்பா போன் செய்து, "அப்பா, புது வீட்டுக்கு வரும்போது ஒரு போன் பண்ணிட்டு வாங்க. இது ஒண்ணுதான் கேக்கறேன்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் குத்தியது. மாப்பிள்ளை, முன்னறிவிப்பு கொடுத்துப் போனால் அது ஆய்வு இல்லை, விருந்து. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கட்டடத்துக்கும் நான் முன்கூட்டிச் சொன்னது கிடையாது. பெற்ற மகள் வீட்டில் போய் இந்த வயதில் புதிதாகப் பழகிக்கொள்ள என்னால் ஆகாது. அதனால் ஞாயிறன்று நான் வரவில்லை. பலகையைப் பார்சலில் அனுப்பிவைக்கிறேன். அத்தை வேண்டுமானால் வரட்டும். பலகை வாசலில் இருந்தால் நான் இருந்த மாதிரிதான்.

இயந்திரம் நின்றுவிட்டது போலிருக்கிறது. புது வீட்டில் நீங்கள் இருவரும் சண்டை குறைவாகவும் சிரிப்பு அதிகமாகவும், எல்லாச் சுவிட்சும் எர்த்தோடும் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பெரும்பகுதியை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். தூளை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தேன். கொடி வேலைப்பாட்டுக்கு நடுவே, என் மேஜைப் பலகையில், மூன்று மணி நேரம் செலவழித்து, நானே பொத்தானை அழுத்தி, அட்சர சுத்தமாக வெட்டி வைத்திருப்பது இது:

'முன்னறிவிப்பின்றிச் சோதனை போட மாமாவுக்கு அனுமதி இல்லை.'

அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்:

'சொல்லிட்டு வந்தா சாப்பாடு உண்டு.'

டிரைவைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். நான் ஏற்றிய ஃபைல் அதில் இல்லவே இல்லை, சொல்லாமல் உருவியதில் போய்விட்டது. இருந்தது உங்களுடையது மட்டும். தேதியும் பார்த்தேன், நான் பால்கனிக் கம்பியைப் பிடுங்கிய அதே வாரம். நான் போட்ட சத்தம் கேட்டு உங்கள் அத்தை வந்தாள், படித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒன்பது நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்து, "தலையில்லாத படமெல்லாம் போகட்டும், இது ஒண்ணு போதும் எனக்கு" என்றாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, இவ்வளவு கோபத்தில் டிசைன் போட்ட மனுஷன் அதை வெட்டாமல் தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவைத்திருக்கிறாரே என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. மரத்தூள் பட்டது என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லவும்.

உங்கள் பெயர்ப்பலகையை அடுத்துச் செய்கிறேன். மரத்துக்குக் கவலையில்லை, இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலி இருக்கிறது. பார்சல் வேண்டாம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, நானும் அத்தையும், இந்தப் பலகையோடு நேரில் வருகிறோம். இந்தக் கடிதத்தையே முன்னறிவிப்பாகக் கொள்ளவும், என் வாழ்நாளில் நான் கொடுக்கும் முதலாவது. ஆகவே இது ஆய்வு ஆகாது. பலகையை உங்கள் வாசலில் நானே மாட்டுவேன். அதற்கான ஸ்க்ரூ டிரைவரை நான் கொண்டுவரவில்லை, நீங்கள் எடுத்து வையுங்கள். மாட்டி முடித்ததும் அதை என் கையிலிருந்து மறக்காமல் வாங்கிக்கொள்ளவும்.