கண்டக்டரின் சிம்மாசனம்

இனிமேல் வீட்டில் உட்கார்ந்தால் சிம்மாசனத்தில்தான் உட்காருவது என்று பஸ் கண்டக்டர் முடிவு செய்தார். நியாயம்தானே. ஊரையெல்லாம் உட்காரவைத்துவிட்டு நாள் முழுக்க நின்றே பிழைக்கிற மனிதர். வீட்டிலாவது ராஜாவாக இருக்க வேண்டாமா?

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். மரச்சாமான் என்றால் துடைக்கச் சுலபமாக, தூக்க லேசாக இருக்க வேண்டும் அவளுக்கு.

"எனக்கு ஒரு சாதா நாற்காலி போதுங்க. நாலு கால், சாய ஒரு முதுகு."

"அது நாற்காலியா? பலகைக்குக் கால் முளைச்ச மாதிரி. அதுல நான் செத்தாலும் உட்கார மாட்டேன்."

"சரிங்க. உங்களுக்குச் சிம்மாசனம், எனக்குப் பலகை."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாளே என்று அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சிம்மாசனம் வந்தது. வாசல் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. கைப்பிடிக்கு ஒரு சிங்கத் தலை. முதுகில் சிறகு விரித்த கழுகு. கண்டக்டர் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தார். கழுகின் மூக்கு அவர் முதுகெலும்பைத் தேடிப் பிடித்துக் குத்தியது. எழப் பார்த்தார். சிங்கம் சட்டைப் பையைக் கவ்விக்கொண்டது.

"எப்படிங்க இருக்கு?"

"ராஜா மாதிரி இருக்கு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவளோ தன் நாற்காலியில் சுகமாகச் சாய்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. வாயைத் திறந்து கேட்டால் மானம் போய்விடும். ஒருநாள் அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அதில் உட்கார்ந்தார். அடடா, என்ன சுகம். அப்படியே கண் சொக்கிவிட்டது.

"என்னங்க, பலகையில?"

"ஆணி ஆடுதான்னு பார்த்தேன்."

"கண்ணை மூடிக்கிட்டா பாத்தீங்க?"

அன்றைக்கே கண்டக்டர் மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டார். மானமும் போகக் கூடாது, முதுகும் போகக் கூடாது.

"யோசிச்சுப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு ராணி நீ. நீ பலகையில உட்காரலாமா? சிம்மாசனத்தை நீயே எடுத்துக்க. நான் ஏதோ உன் நாற்காலியில காலத்தைத் தள்ளிக்கிறேன்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே."

"உனக்காக இதுகூடப் பண்ண மாட்டேனா?"

அவள் தைத்து முடித்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். சிங்கங்களின் தலையில் பாவாடைகளையும் கழுகின் சிறகில் சட்டைகளையும் மாட்டினாள். துணி மாட்ட இத்தனை வசதியான சாமான் கடையில் கிடைக்காது என்று மனதாரப் புகழ்ந்தாள். பிறகு தன் பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள்.

"அப்ப நான் எங்கே உட்கார்றது?"

அவள் கையை நீட்டிச் சுவரைத் தட்டினாள். பக்கத்து வீட்டு அக்கா அதே மாதிரி இன்னொரு சாதா நாற்காலியை ஒரே கையில் தூக்கிக்கொண்டு வந்து கண்டக்டர் முன்னால் வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரி அப்பவே ஜோடியாத்தான் வாங்கினா. உங்களோடது அன்னையிலிருந்து எங்க வீட்ல இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. ஏன் தம்பி, இறங்கி வர இவ்வளவு நாளா?"