லாபம், ரெண்டு, மூணு

நான் எழுதிய பரீட்சைகளில் எல்லாம் எப்படியோ தேறிவிட்டேன். எழுதாத ஒரு பரீட்சையில்தான் மானம் போகிற அளவுக்குத் தோற்றேன். அதை எழுதியவள் என் மகள் கயல். அப்போது அவளுக்கு நாலரை வயது. அறையின் மூலையில், குழந்தைகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில், முட்டி தாடையில் இடிக்க நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை சும்மா இருப்பது மட்டும்தான். அது என்னால் முடியவில்லை.

திருக்கனூர் கடைத்தெருவில் எங்களுக்கு மல்லாட்டை வியாபாரம். (வேர்க்கடலைதான். எங்கள் கடையில் வந்து வேர்க்கடலை என்று கேட்டால் வெளியூர் என்று தெரிந்துவிடும்.) உளுந்தும் எள்ளும் உண்டு. முன்னால் கடை, பின்னால் வீடு. கயல் தவழ்ந்தது, நடந்தது, விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது எல்லாமே மூட்டைகளுக்கு நடுவில்தான். இரண்டரை வயது வரை அவள் பேசவில்லை. ஆரம்பித்த பிறகு இன்றுவரை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்த இரண்டரை வருஷத்துப் பயம் எனக்குப் போகவில்லை. போதாததற்கு விளையாட்டுப் பள்ளி மிஸ் ஒருநாள், "பாப்பா கொஞ்சம் ஸ்லோவா இருக்கற மாதிரி தெரியுதும்மா, எதுக்கும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டார். அவர் அதோடு மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. வயிற்றில் இருந்தபோது சத்து மாத்திரையை நாலு நாள் மறந்தேனே அதனாலா, கைப்பேசியை ரொம்பப் பார்த்தேனே அதனாலா என்று என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் யு.கே.ஜி.க்கு விண்ணப்பித்தோம். சேர்ப்பதற்கு முன் அங்கே 'அறிவுத்திறன் மதிப்பீடு' உண்டு. சென்னையிலிருந்து ஒரு உளவியல் மேடம் சனிக்கிழமைகளில் வந்து செய்வார். தேறாத குழந்தையை ஒரு வருஷம் பின்னால் போட்டுவிட்டு, 'கூடுதல் கவனம் தேவை' என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். அந்த மூன்று சொற்களும் பத்தாம் வகுப்பு வரை அவளோடு பள்ளி பஸ்ஸில் ஏறி இறங்கும் என்று எனக்குத் தோன்றியது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பி.எட். படித்தவள். கல்வி உளவியலில் எழுபத்தொன்று வாங்கியவள். 'நுண்ணறிவுச் சோதனைகளில் பண்பாட்டுச் சார்பு: குறிப்பு வரைக' என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி, முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடும் போட்டவள். பரீட்சை முடிந்ததும் அந்த விடையை விடைத்தாளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது. வேண்டிய நேரத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பதில் லாஸ்பேட்டையில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"கேள்வியெல்லாம் நான் சொல்றேன், எழுதிக்க சுதா" என்றார் கலா அண்ணி. "எம்புள்ள இதே மாரி ஒண்ணு எழுதுனான். நூத்துக்கு நூத்திப் பதினாறு எடுத்தான்."

ஐ.க்யூ. என்பது நூற்றுக்குப் போடும் மதிப்பெண் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொறாமையாக இருந்தது.

ஒன்பது நாள் கயலை உட்காரவைத்து உருவேற்றினேன். விரலில் ரத்தம் வந்தால்? பிளாஸ்திரி ஒட்டுவேன். தெருவில் பை கிடந்தால்? போலீஸ் மாமாகிட்ட குடுப்பேன். மழை வந்தால்? குடை பிடிப்பேன். பத்துக் கேள்வி, பத்துப் பதில். அவள் கேள்வியைக் கவனிக்கவே இல்லை, பதில்களை மட்டும் வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை என் கணவர் செந்தில் எங்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பின்னால் வில்லியனூரில் இறக்க வேண்டிய எள்ளு மூட்டைகள். பள்ளிக்கு இரண்டு தெரு முன்பே வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"ஏன், கேட்டாண்டயே வுடறனே?"

"வேணாங்க. கார்லாம் நிக்கும். நீங்க இங்கயே இருங்க."

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். மல்லாட்டைத் தூசி. அந்தப் பார்வைக்காக மட்டும் அன்று நடந்த எல்லாமும் எனக்கு வேண்டியதுதான்.

உள்ளே முதலில் பெற்றோருக்கு ஒரு படிவம். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'அக்ரோ கமாடிட்டீஸ்' என்று எழுதினேன். 'குழந்தை பெரும்பாலான நேரத்தை எங்கே, எப்படிக் கழிக்கிறது?' என்று கேட்டிருந்தார்கள். மூட்டை மேல், என்று எழுத முடியுமா? 'வீட்டில், எஜுகேஷனல் டாய்ஸுடன்' என்று எழுதினேன். கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

மேடத்துக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். சிரித்த முகம். "நடுவுல நீங்க எதுவும் சொல்லக் கூடாதும்மா. சொன்னா அந்தக் கேள்விக்கு மார்க் போட முடியாது" என்று என்னை மூலையில் உட்காரவைத்துவிட்டு, கயலிடம் அன்பாகக் கேட்டார்: "காலைல என்ன சாப்பிட்ட?"

"பிளாஸ்திரி" என்றாள் கயல்.

மேடம் பேனாவை எடுத்தார். "யாரோட வந்த?"

"போலீஸ் மாமா."

குடை வருவதற்குள், நல்லவேளையாக, மேடம் கேள்விகளை விட்டுவிட்டு மரக்கட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். பத்துக் கட்டைகள். "இதை எண்ணிக் காட்டு பார்ப்போம்."

எனக்கு மூச்சு வந்தது. எண்ணுவதில் கயல் புலி. ஐம்பது வரை தங்கு தடையில்லாமல் போவாள். அவள் முதல் கட்டையைத் தன் பக்கம் இழுத்து, கணீரென்று ஆரம்பித்தாள்.

"லாபம். ரெண்டு. மூணு. நாலு…"

எங்கள் கடையில் எடை போடுவதெல்லாம் இப்போது மின்தராசுதான். ஆனால் மூட்டை எண்ணுவது வாயால்தான். முதல் மூட்டையை யாரும் 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு. தானியம் அளக்கிற எல்லாரும் அப்படித்தான். பொருளை யாராவது வரிசையாகத் தன் பக்கம் நகர்த்தினால் அது வியாபாரம், வியாபாரம் என்றால் லாபம். அதுதான் கயலுக்குத் தெரிந்த உலகம்.

"முதல்லேருந்து சொல்லும்மா" என்றார் மேடம்.

"லாபம்."

"இது எத்தனை?"

"லாபம்."

"ஒண்ணு எங்கம்மா போச்சு?"

கயல் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஒண்ணு சொல்லக் கூடாது மிஸ். யாவாரம் ஓடாது."

மேடம் எழுதினார். நீளமாக எழுதினார்.

ஒரே வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் மார்க் போய்விடும். அதைவிட, விளக்கினால் அக்ரோ கமாடிட்டீஸ் போய்விடும், எஜுகேஷனல் டாய்ஸ் போய்விடும். ஆகவே மேடத்தின் முதுகுக்குப் பின்னால் ஒற்றை விரலை நீட்டி, கண்ணை உருட்டி, 'ஒண்ணு, ஒண்ணு' என்று வாயசைத்தேன்.

கயலுக்கு உடனே புரிந்தது. விளையாட்டுப் பள்ளியில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

"மிஸ், எங்கம்மாவுக்கு ஒண்ணுக்கு வருதாம்."

மேடம் திரும்பினார். என் விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. "வராந்தாவுல நேரா போய் லெஃப்ட்லம்மா" என்றார் மிகுந்த மரியாதையுடன். வேறு வழி? போனேன். குழந்தைகளுக்கான கழிப்பறை. அங்கேயும் எல்லாம் என் முட்டி உயரத்துக்குத்தான். சும்மா நின்றுவிட்டு, நம்பிக்கை வருவதற்காகத் தண்ணீரைத் திறந்து மூடிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மேசையில் ஒரு வீட்டின் படம். 'இதில் எது இல்லை?' என்பது கேள்வி. கதவுக்குக் கைப்பிடி இல்லை. எனக்கே அது தெரிய கொஞ்ச நேரம் ஆனது. கயலின் குரல் தணிந்திருந்தது.

"இந்த வூட்ல யாரு மிஸ் செத்துட்டாங்க?"

"யாரும் சாகலையே."

"தாத்தாவா?"

"இல்லம்மா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"பொய் சொல்றீங்க மிஸ்" என்று கயல் அவர் கையை ஆறுதலாகத் தடவினாள்.

மேடம் மெதுவாக என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "சமீபத்துல வீட்ல ஏதாவது இறப்பு…?"

வாசலில் கோலம் இல்லை, அதனால் கேட்கிறாள், எங்கள் தெருவில் விடிந்தும் கோலம் விழாத வாசல் என்றால் சாவு வீடுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "இல்ல மேடம். ஆனா போன மாசம் ஒரு கோழி."

(கோழி செத்தது உண்மை. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

முடிவை மேடம் நயமாகத்தான் சொன்னார். எண்ணும் திறன் இன்னும் உருவாகவில்லை. கேள்விக்குப் பொருந்தாத விடைகள். மரணம் பற்றிய சிந்தனை கொஞ்சம் கூடுதல். இந்த வருஷம் எல்.கே.ஜி.யில் சேரட்டும், கூடுதல் கவனம் தேவை. அந்த மூன்று சொற்களும் வந்துவிட்டன. தலையாட்டினேன். வண்டி நின்ற தெருவுக்கு வருவதற்குள் கண் கலங்கி, குட்டியானையை அடையாளம் தெரியாமல் வேறொரு வண்டிக் கதவைத் திறந்தேன்.

"இன்னா ஆச்சு?" என்று செந்தில் இறங்கி ஓடிவந்தார். கயல்தான் சொன்னாள்.

"பத்து கட்டப்பா. நான் லாபம்னு கரெக்டா எண்ணுனேன். மிஸ்ஸுக்குத் தெரில."

அவர் இரண்டு நொடி யோசித்தார். பிறகு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளியைப் பார்த்து நடந்தார். "வேணாங்க, சட்டை…" என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பவில்லை.

மேடத்தின் முன்னால் நின்று, "பாப்பா, இது கட இல்ல. பள்ளிக்கூடம்" என்றார். "பள்ளிக்கூடத்துல எண்ற மாரி எண்ணு."

"இது முன்னியே சொல்லலாம் இல்ல" என்று முனகிவிட்டு கயல் கட்டைகளை இழுத்தாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு…" பத்தில் நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கட்டைகள் தீர்ந்ததும் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டு போனாள்.

"கடைங்களா?" என்றார் மேடம். படிவத்தை எடுத்தார். "இங்க அக்ரோ கமாடிட்டீஸ்னு…"

"மல்லாட்ட மண்டி மேடம்" என்றார் செந்தில். படிவத்தை எட்டிப் பார்த்தார். "எஜுகேஷனல் டாய்ஸா? அது எங்க சுதா இருக்குது நம்ம வூட்ல?"

"மூட்டைப்பா" என்றாள் கயல், எண்ணுவதை நிறுத்தாமல்.

தரை பிளந்தால் போதும் என்றிருந்தது. பிளக்காததால் பேசினேன். லாபம், கோலம், கோழி, ஒற்றை விரல் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், பல வருஷமாகக் காணாமல்போயிருந்த அந்த ஐந்து மதிப்பெண் விடை, தலைப்பு உட்பட, வாயில் வந்து நின்றது. "ஒரு சூழலில் வளர்ந்த குழந்தைகளுக்காக உருவாக்கிய சோதனையை, வேறு சூழலில் வளரும் குழந்தைக்கு அப்படியே கொடுத்தால், அங்கே அளக்கப்படுவது அறிவு அல்ல, சூழலே" என்று ஒப்பித்தேன். அடிக்கோடு போட்ட வரியில் குரலைக்கூட உயர்த்தினேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "நானும் எழுதியிருக்கேம்மா. எனக்குப் பத்து மார்க் கேள்வி."

இருவரும் படித்திருக்கிறோம். இருவரும் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தை உட்கார்ந்து சரியாக எண்ணிக்கொண்டிருந்தபோது இருவருக்கும் அது உதவவில்லை. அவருக்காவது எங்கள் கடை தெரியாது. எனக்கு?

விதிப்படி அந்தத் தாளில் மார்க்கைத் திருத்த முடியாதாம். அதனால் மேடம் அடியில் ஒரு குறிப்பு எழுதினார். அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்: 'இக்குழந்தைக்கு இரண்டு விதமாக எண்ணத் தெரியும். தாளில் ஒன்றுக்குத்தான் கட்டம் உள்ளது.' படிவத்தை மட்டும் என்னிடமே திருப்பிக் கொடுத்து, "இதை இன்னொரு தடவை எழுதிடுங்களேன்" என்றார். எழுதினேன். இந்த முறை கையெழுத்து கோணலாக வந்தது. யு.கே.ஜி. கிடைத்தது.

கயல் இப்போது இரண்டாம் வகுப்பு. போன வருஷம் முழுக்க, பாப்பா எத்தனாவது படிக்கிறாள் என்று யார் கேட்டாலும் செந்தில் கொஞ்சமும் சிரிக்காமல் "லாபமாங் கிளாஸ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கலா அண்ணி ஊருக்கு வந்தால் நேராகக் கடைக்குள் போய், மூட்டையைத் தட்டி, "எஜுகேஷனல் டாய்ஸு இந்த வருசம் வெளைச்சல் எப்படிடா?" என்று தம்பியைக் கேட்கிறார். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

அந்த விரலைத்தான் விட மாட்டேன் என்கிறார்கள். போன வாரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கரும்புச் சாறு வண்டிக்காரரிடம், நல்ல கூட்டத்தில், கை தூக்கி ஒன்று என்று காட்டினேன். "அண்ணா, எங்கம்மாவுக்கு…" என்று பக்கத்திலிருந்து கயல் ஆரம்பித்தாள்.

சட்டென்று இன்னும் இரண்டு விரலை நீட்டினேன்; ரெண்டோடு நிறுத்தினால் அதற்கும் அவளிடம் ஒரு அர்த்தம் இருக்கிறது. இப்போதெல்லாம் தாகம் இருக்கிறதோ இல்லையோ, எங்கே போனாலும் எனக்கு மூணு டம்ளர்தான்.