பவர் கழற்றிய கை

கழற்றிகள் என்றொரு மனித இனம் இருக்கிறது. கேள்விப்பட்டதில்லை என்று சொல்லாதீர்கள், உங்கள் தெரு ஒழுங்கையிலேயே குறைந்தது ஒருவர் இருப்பார். தன்பாட்டில் ஓடுகிற ஒன்றை, ஒருவருக்கும் தொந்தரவு தராத ஒன்றை, மனிதனுடைய பாரத்தைக் குறைக்கவென்றே எவனோ மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த ஒன்றைக் கண்டால் இவர்களுக்குக் கை துருதுருக்கும். நல்ல வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்தால்தான் உடம்பு என்பார்கள். அம்மியில் அரைத்த சம்பல்தான் சம்பல் என்பார்கள். அரைப்பது யார்? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இந்த இனத்தின் முதல்தர மாதிரி ஒருவர் நிந்தவூரில், எனக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். பெயர் அப்ராஸ். அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். வீடு அவருடைய மனைவி நிஹ்லாவின் சீதன வீடு. எங்கள் பக்கத்து மாப்பிள்ளைமார் எல்லோரும் ஒரு சூட்கேசும் அத்தர் போத்தலுமாக வந்து இறங்குகிறவர்கள்தானே? அப்ராஸ் மட்டும் கூடுதலாக ஒரு கார் கொண்டுவந்தார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்துப்போய் விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார். கதிரை முதல் கறிச்சட்டி வரை மாமனார் வாங்கிப் போட்ட வீட்டில், தன்னுடையது என்று சொல்ல அவருக்கிருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் அதை அதிகம் ஓட்டியவள் நிஹ்லா. அவள் கணித ஆசிரியை. பாடசாலை சம்மாந்துறைக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. காலையில் விரல் அடையாள மெஷினில் நேரத்துக்கு விரல் வைக்க வேண்டும், பிந்தினால் லீவில் வெட்டுவார்கள். காரில் போனால் நிதானமாகப் போய்ச் சேரலாம். பஸ்ஸென்றால் இரண்டு மாற வேண்டும், இரண்டாவது பஸ் வருவதும் வராததும் அதன் விருப்பம்.

இப்படி எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் கழற்றிக்குச் சோறு இறங்குமா? ஒருநாள் போனில் வெள்ளைக்காரன் ஒருவன் ஸ்டியரிங்கைத் தடவித் தடவிப் பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அபூசாலி காக்காவின் தேத்தண்ணிக் கடையில் பிரசங்கம் நடந்தது.

"காக்கா, பவர் ஸ்டியரிங் எண்டா என்ன தெரியுமா? பச்சைப் பொய். சில்லுக்கும் கைக்கும் நடுவில நிக்கிற புரோக்கர். அவனக் கழட்டி எறிஞ்சா, ரோட்டு நேரா நம்மட கையோட கதைக்கும்."

"என்ன கதைக்கும் தம்பி?" என்று அபூசாலி காக்கா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அது... உணரணும் காக்கா."

எங்கள் வீதியை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும், மற்றப் பாதியில் மாடு படுத்திருக்கும், மிச்சத்தில் அக்கரைப்பற்று பஸ் பறக்கும். இந்த வீதிக்கு அப்ராஸோடு அப்படி என்ன கதை? ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

கல்முனையில் கராஜ் வைத்திருக்கும் இராசதுரை அண்ணன், "கழட்டத்தான் வேணுமா தம்பி?" என்று ஒருதரம் கேட்டுவிட்டு, வாடிக்கையாளர் சொன்னால் சரி என்று பெல்ட்டைக் கழற்றினார், பம்பைக் கழற்றினார், எண்ணெய்க் குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி விட்டார். அப்ராஸ் கதிரையில் இருந்து வெற்றிப் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பொனட்டுக்குள் கை வைக்கும் வழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது. கழற்றிய பம்பை மண்ணெண்ணெயில் கழுவி, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஷோகேசில் மாபிள் கோப்பைகளுக்கும் பிளாஸ்டிக் ரோசாவுக்கும் நடுவில் வைத்தார். வேட்டைக்காரர் மான்கொம்பை மாட்டுவதில்லையா, அப்படித்தான்.

அதற்குப் பிறகு வீதி கதைத்ததோ இல்லையோ, தோள்மூட்டு நன்றாகவே கதைத்தது. கேட்டிலிருந்து ஒழுங்கைக்குக் காரை எடுக்க ஒரு பிஸ்மி, பாதி வளைவில் ஒரு யா அல்லாஹ், மதிலில் உரசாமல் நிமிர்ந்ததும் ஓர் அல்ஹம்துலில்லாஹ். ஒழுங்கை முனையில் வலப்பக்கம் திரும்புவது கொஞ்சம் விசாலம், இடப்பக்கம் நெருக்கம். ஆகவே தெற்கே நாலு கடை தள்ளிப் பேக்கரியில் பாண் வாங்கப் புறப்படுகிறவர் முதலில் வடக்கே காரைதீவுச் சந்திவரை போய், அங்கே அகலமாக வட்டமடித்துத் திரும்பி வருவார். "கார உருட்டிக்கொண்டுதான் திருப்பணும், அதுதான் முறை" என்பார். முறைதான். பாண் வந்து சேரும்போது வீட்டில் எல்லோரும் புட்டுச் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள்.

சரி, அது அவர் தோள், அவர் பாடு என்று விட்டுவிடலாம். நிஹ்லா என்ன பாவம் செய்தாள்? முதல்நாள் காலையில் காரை எடுத்தவள் கேட்டடி வளைவில் ஒழுங்கைக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டாள். இந்தப் பக்கம் பாடசாலை வேன், அந்தப் பக்கம் மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், இரண்டும் ஹோர்ன் அடிக்கின்றன. அவள் இரண்டு கையாலும் தொங்கி இழுக்கிறாள், ஸ்டியரிங் அசையமாட்டேன் என்கிறது. கடைசியில் இறங்கி, கார்த் திறப்பைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள். அந்தக் கார் ஓட்டம்தான் ஒரு நாளில் அவள் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் இருந்த நேரம். அது போனதோடு அவள் முகமே சிறுத்துப் போய்விட்டது.

ஒருநாள் மாலை கேட்டடியில் அவள் கேட்டாள். என் காதிலும் விழுந்தது.

"திரும்பப் பூட்டுவமே. எனக்கு ஏலாம இரிக்கி. காலத்தால முதல் பாடம் ஓலெவல் சோதினை எழுதுற புள்ளைகள்ற கணக்கு. நான் போறதுக்குள்ள பாடம் முடிஞ்சிருது."

"கை பழகும் நிஹ்லா. உனக்கு உணர்வு காணாது."

"எனக்கு உணர்வு வேணாம். ஸ்கூலுக்குப் போகணும்."

"பூட்டினா ஊர் சிரிக்காதா? அபூசாலி காக்காட கடையில எவ்வளவு கதைச்சிட்டன்!"

பாருங்கள் நியாயத்தை. ஊர் சிரிக்காமல் இருக்க ஓலெவல் வகுப்பொன்று காலையில் சும்மா இருக்க வேண்டும்!

அந்த மாதமே கந்தோரில் அப்ராஸைக் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில்தான் போனார். "கார் இரிக்கே தம்பி?" என்று அபூசாலி காக்கா கேட்டதற்கு, "கொழும்பு ரோட்டுக்குக் கதைக்கத் தெரியாது காக்கா" என்று சொல்லிவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டே ஏறினார்.

மறுநாள் எதிர்வீட்டு வளவில் இராசதுரை அண்ணனின் மோட்டார் சைக்கிள் நின்றது. நான் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். அண்டை வீட்டுக்காரன் பிறகு எதற்கு இருக்கிறான்? ஷோகேசில் இருந்த பம்ப் பொனட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"பூட்டுறது லேசு தங்கச்சி. கழட்டினதே நான்தானே. ஆனா அவர் கண்டுபிடிச்சா?"

"பொனட்டத் திறக்கத் தெரிஞ்சாத்தானே அண்ணன் கண்டுபிடிக்க" என்றாள் நிஹ்லா.

ஷோகேஸ் வெறுமையாக இருக்கக் கூடாதென்று, செத்துப்போன ஒரு லொறியின் தண்ணீர் பம்பையும் இராசதுரை கொண்டுவந்திருந்தார். அதையும் மண்ணெண்ணெயில் கழுவி ரோசாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். உருவத்திலும் பருமனிலும் அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் நின்றதைக் கண்ட நிஹ்லா, "காக்கா, நீங்க ஒண்டும் காணல்ல" என்றாள். ஓம், காணவில்லை என்றேன்.

அப்ராஸ் திரும்பி வந்தார். காரை எடுத்தார். கேட்டடி வளைவில் பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள் கார் ஒழுங்கையில் நேராக நின்றது. பக்கத்திலிருந்த நிஹ்லா கண்ணாடிப் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிடிபட்டால் மறுநாளே கல்முனைக்குப் போய்த் திரும்பவும் கழற்றிவிடுவார், அவளும் திரும்பவும் பஸ்தான்.

"கண்டியா!" என்று கத்தினார் அப்ராஸ். "கொழும்பில கைக்கு ஓய்வு குடுத்தன், செட்டாகிட்டு! இப்பதான் ரோட்டு சரியாக் கதைக்குது!"

அதிலிருந்து கடையில் அவருடைய பிரசங்கம் இரட்டிப்பாகிவிட்டது. ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக் காட்டுகிறார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு லொறி பம்பைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பாரத்தை எஞ்சின் சும்மா சுமந்துகொண்டிருந்திச்சு" என்கிறார். "என்ட மனுசியும் பழகிட்டா, பவர் இல்லாத கார்ல சம்மாந்துறைக்கு அங்கால போய் வாறா, மாஷா அல்லாஹ்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். இவர் பேச்சைக் கேட்டு, ஒலுவில் துறைமுகத்தில் போட் வைத்திருக்கும் ஒருவர் தன் பிக்கப்பில் பவரைக் கழற்றிவிட்டுத் தோளில் தைலத்தோடு வந்து நின்றார். "கை பழகணும், அவசரப்படாதீங்க" என்று அனுப்பி வைத்தார் அப்ராஸ்.

எனக்கென்றால் அந்தக் கடையில் பத்துப் பேருக்கு நடுவில் பொனட்டைத் திறந்து காட்ட வேண்டும் போல நாக்கு ஊறுகிறது. நிஹ்லாவிடம் சொன்னேன்.

"வேணாம் காக்கா. அவர் தன்ட கைதான் எண்டு நினைக்கட்டும். எனக்குக் கார் திரும்பினாப் போதும்" என்று சொல்லிவிட்டு, கணக்குக் கொப்பிகளைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு புறப்பட்டுப் போனாள். ஒழுங்கை முனையில் ஒரு கையால்தான் திருப்பினாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன நோன்புப் பெருநாளோடு சீனியை விட்டுவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் அறிவித்தவர் நீங்கள்தானே? முதல் கிழமை தேத்தண்ணி தொண்டையால் இறங்கவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தீர்கள், பிறகு எப்படியோ அது இனிக்கத் தொடங்கிவிட்டது. நாக்குப் பழகினால் தேயிலையிலேயே இனிப்பு இருக்கிறது என்று இப்போது மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். நல்லது, சந்தோசமாகக் குடியுங்கள். கோப்பையைக் கொண்டுவந்து நீட்டுகிறவரின் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்த்துவிடாதீர்கள்.