ஸ்பானிஷில் மணி சொன்ன கப்பல் பாய்

தஞ்சாவூர் ஜில்லாவில் நடவு வயலுக்கு ஸ்பானிஷ் மொழியில் மணி சொன்ன ஒரே ஆசாமி எங்கள் கப்பல் பாய்தான். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்றாலும் நான் பந்தயம் கட்டுவேன்.

ஒரத்தநாட்டுப் பக்கம் நான் பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தபோது அடுத்த அறையில் குடியிருந்தார். நாகப்பட்டினத்துக்காரர். ஸ்பானிஷ் மாலுமிகள் நிறைந்த கப்பலில் சமையல்காரராக இருந்தவர். எத்தனை மணிக்குக் காப்பி, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எப்போது தூக்கம் என்பதுதான் அவருடைய மொத்த ஸ்பானிஷும். தாகம் எடுத்தால் அந்த மொழியில் தண்ணீர் கேட்கத் தெரியாது.

மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், "ஆ கே ஓரா தே லெவான்தாஸ்?" என்று கேட்கும். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று அர்த்தமாம். "ஆ லாஸ் செய்ஸ்", ஆறு மணிக்கு, என்று இன்னொரு குரல் பதில் சொல்லும். இரண்டும் அவரேதான். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின் மனசை என்னவோ செய்யும்.

ஆட்சி மாறிய புதிது. வயலுக்கு வயல் தகராறு. பொழுது சாயும்வரை நட வேண்டும் என்றார் மிராசுதார். ஐந்து மணிக்குக் கரையேறுவோம் என்றார்கள் கொடி பிடித்த கூலியாட்கள். தாசில்தார் வந்து ஐந்து என்று தீர்த்து வைத்தார். ஆனால் யார் கடிகாரத்தில் ஐந்து? மிராசுதார் கடிகாரம் நொண்டும், இவர்கள் கடிகாரம் பறக்கும். கடைசியில் நிலமும் இல்லாத, கட்சியும் இல்லாத பாயை, அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லக் கரையில் உட்கார வைத்தார்கள்.

முதல் நாள் எழுந்து நின்று, புயலில் மாலுமிகளைக் கூப்பிடுகிற மாதிரி முழங்கினார். "சோன் லாஸ் சிங்கோ!"

அதைத் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு என்று நினைத்த பெண்கள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சேற்றிலேயே அசையாமல் நின்றார்கள். அவர்கள் ஏறட்டும் என்று இவரும், இவர் முடிக்கட்டும் என்று அவர்களும் நின்றதில் கால் மணி நேரம் போயிற்று.

"அஞ்சு மணி ஆயிடுச்சும்மா!" என்றார் பாய், தாங்க முடியாமல்.

"அதை முன்னாடியே தமிழ்ல சொல்லக் கூடாதா பாய்?" என்றாள் நடவாட்களுக்குத் தலைமையான அஞ்சலை.

"மணின்னா என் வாயில அதாம்மா வருது."

மறுநாளே எல்லாருக்கும் பழகிவிட்டது. பாய் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். ஒரு வயல் முழுக்க ஆட்கள் தன் வாயைப் பார்த்துக் காத்திருக்கிற சுகம் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை. பாவம், அதுவும் நிலைக்கவில்லை. ஐந்து மணிக்கு ரைஸ் மில்லில் சங்கு ஊத ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

சங்கு ஊதிய முதல் நாள் நான் சைக்கிளில் அந்த வழியாக வந்தேன். பாய் பழக்கதோஷத்தில் கரைக்கு வந்திருந்தார். சங்கு ஓய்ந்ததும் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க பாய்?" என்றாள் அஞ்சலை.

"அதான் சங்கு ஊதிடுச்சேம்மா. இனிமே நான் எதுக்கு?"

"அது பாட்டுக்கு ஊதட்டும். நீங்க சொல்லுங்க, ஏறுறோம்."

ஒருத்தியும் சேற்றிலிருந்து காலை எடுக்கவில்லை. பாய் திரும்பி வந்து குடையைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்க்காமலே, "சோன் லாஸ் சிங்கோ!" என்றார்.

ஐந்தாகி நாலைந்து நிமிஷம் ஆகியிருந்தது. அவரைத் திருத்த அங்கே யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான்.